பறக்கும் படகுகள்: கேட்டவையும் பதில்களும்

1930களில் கண்டம் விட்டுக் கண்டம் பயணிகளை ஏற்றிச் சென்ற பறக்கும் படகுகளைப் பற்றிப் பலர் கேட்டிருந்த கேள்விகளை ஒன்றாகச் சேர்த்துப் பதில் தருகிறேன். பேச்சு பெரும்பாலும் இரண்டு படகுகளைச் சுற்றியே இருக்கும். ஒன்று, பிரிட்டனின் இம்பீரியல் ஏர்வேஸ் ஓட்டிய ஷார்ட் எஸ்.23 'எம்பயர்'. மற்றது, அமெரிக்காவின் பான் ஆம் ஓட்டிய போயிங் 314 'கிளிப்பர்'. (பான் ஆம் தன் மற்ற வகைப் படகுகளுக்கும் 'கிளிப்பர்' என்றே பெயர் வைத்தது.)

கேள்வி: மிதவை வைத்த விமானம், பறக்கும் படகு ரெண்டும் ஒண்ணுதானே?

இல்லை. சாதாரண விமானத்தின் சக்கரத்தைக் கழற்றிவிட்டு, காலுக்கு மரச்செருப்பு மாட்டியதுபோல இரண்டு மிதவைகளைப் பொருத்தினால் அது மிதவை விமானம். பறக்கும் படகில் விமானத்தின் உடலே படகு. அடியில் ஏரா (படகின் முதுகெலும்பு போன்ற அடிக்கட்டை) உண்டு, அணியம் (முன்மூக்கு) உண்டு, நங்கூரம் உண்டு, கசிந்த நீரை இறைக்கும் பம்பும் உண்டு.

இந்த வேறுபாட்டிலிருந்துதான் அந்தச் சொகுசே பிறந்தது. ப்ரொப்பெல்லர் முழு வேகத்தில் சுற்றும்போது அதில் கடல்நீர் பட்டால் உலோகம் அரித்துத் தின்னப்படும், வளையவும் செய்யும். ஆகவே என்ஜின்களையும் இறக்கையையும் நீர்த்தூவலுக்கு மேலே தூக்கி வைத்தாக வேண்டும். அதற்கு உடல் உயரமாக இருக்க வேண்டும். உயரமான உடல் கட்டினால் உள்ளே இரண்டு தளத்துக்கு இடம் தானாகக் கிடைக்கிறது. கீழ்த்தளம் பயணிகளுக்கு, மேல்தளம் விமானிகளுக்கும் தபால் மூட்டைகளுக்கும். 'பணக்காரர்களுக்காக இவ்வளவு பெரிதாகக் கட்டினார்கள்' என்று பலரும் எழுதுகிறார்கள். உண்மையில் தண்ணீருக்காகப் பெரிதாகக் கட்டினார்கள். மிஞ்சிய இடத்தில் சாய்வு நாற்காலி போட்டார்கள்.

கேள்வி: அப்போதே சக்கர விமானங்கள் பறந்துகொண்டிருந்தனவே. பிறகு ஏன் தண்ணீர்?

ஓடுதளம் இல்லை என்பதுதான் காரணம். 1935 வாக்கில் உலகின் பெரும்பாலான விமான நிலையங்கள் புல்வெளிகள். 18 டன் எடையுள்ள எம்பயர் அளவு விமானம் மழைக்காலப் புல்வெளியில் இறங்கினால் சக்கரம் புதைந்துவிடும். ஆறும் ஏரியும் துறைமுகமும் எங்கும் இருந்தன. அங்கே ஓடுதளத்துக்கு நீளக் கட்டுப்பாடு கிடையாது, காற்று எந்தத் திசையில் அடித்தாலும் அதை எதிர்த்து ஓடலாம். நடுக்கடலில் என்ஜின் நின்றால் இறங்கி மிதக்கலாம் என்ற நம்பிக்கையும் பயணிகளுக்கு இருந்தது. அந்த நம்பிக்கை எவ்வளவு சரி என்பதைக் கீழே விபத்துகள் பற்றிய பதிலில் சொல்கிறேன்.

கேள்வி: போயிங் 314-இன் உள்ளே என்னதான் இருந்தது? படங்களைப் பார்த்தால் ஓட்டல் போல இருக்கிறது.

முதலில் அளவுகள். இறக்கை முனைக்கு முனை 46 மீட்டர், நீளம் 32 மீட்டர். நான்கு ரைட் ட்வின் சைக்ளோன் என்ஜின்கள், ஒவ்வொன்றும் 1,500 குதிரைசக்தி. முதல் பறப்பு 1938 ஜூன் 7. மொத்தம் கட்டப்பட்டவை 12.

பயணிகள் தளம் ஒரே நீளக் கூடமாக இல்லாமல் அறை அறையாகப் பிரிக்கப்பட்டிருந்தது. ஏராவின் வளைவுக்கு ஏற்பத் தரை மட்டம் மாறுவதால், பின்னால் போகப் போகப் படியேற வேண்டும். பகலில் 74 பேர் உட்காரலாம். இரவில் இருக்கைகளைப் படுக்கையாக மாற்றித் திரை போட்டால் ஏறத்தாழ 36 பேர் படுக்கலாம். ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனி உடை மாற்றும் அறைகள். வால் பக்கம் தனி அறை ஒன்று. புதுமணத் தம்பதி அறை என்றே அதைச் சொல்வார்கள். நடுவில் இருந்த கூடம் சாப்பாட்டு நேரத்தில் 14 இருக்கை கொண்ட உணவகமாகும். அதனால் பந்தி பந்தியாகத்தான் பரிமாற முடியும். வெள்ளை மேசைவிரிப்பு, பீங்கான் தட்டு எல்லாம் உண்மை. ஆனால் சமையலின் பெரும்பகுதி தரையிலேயே முடிந்துவிடும். இரண்டு ஸ்டூவர்ட்கள் சிறு அடுக்களையில் சூடாக்கிப் பரிமாறினார்கள், படுக்கை போட்டார்கள், மடித்தார்கள். 20 மணி நேரப் பயணத்தில் அது கடுமையான உழைப்பு. படங்களில் அவர்கள் சிரித்துக்கொண்டு நிற்பதை மட்டுமே காண்கிறோம்.

என்னைப் பொறுத்தவரை அந்தப் படகின் மிகச் சிறந்த அம்சம் உணவகம் அல்ல, இறக்கைக்குள் இருந்த தவழும் பாதை. இறக்கை அவ்வளவு தடிமன். பறந்துகொண்டிருக்கும்போதே பொறியாளர் அதற்குள் தவழ்ந்து போய் என்ஜினின் பின்பக்கத்தை அடைந்து, எண்ணெய்க் கசிவு, துணைக்கருவிக் கோளாறு போன்றவற்றைக் கவனிக்க முடிந்தது.

கேள்வி: எம்பயர் படகிலும் படுத்துத் தூங்கினார்களா? கட்டணம் எவ்வளவு?

எம்பயரில் பகலில் 24 பேர் உட்காரலாம், படுக்கை போட்டால் 16 பேர் படுக்கலாம் என்று வடிவமைத்தார்கள். நடைமுறையில் பயணிகள் பெரும்பாலும் கரையில்தான் தூங்கினார்கள். எம்பயர் ஒரே மூச்சில் 1,200 கிலோமீட்டர் சொச்சமே பறக்கும். மணிக்கு 265 கிலோமீட்டர் வேகத்தில் நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை இறங்கி எரிபொருள் நிரப்பியாக வேண்டும். சவுத்தாம்ப்டனிலிருந்து சிட்னி போக 30-ஐ ஒட்டிய நிறுத்தங்கள், பத்து நாள் அளவு. இரவானால் ஓட்டல் அல்லது நிறுவனத்தின் தங்குமனை. துபாய் உப்பங்கழியில் இறங்கியவர்கள் ஷார்ஜாவில் கோட்டைபோலக் கட்டிய தங்குமனைக்குப் போனார்கள்.

உள்ளே முன்பக்கம் புகைபிடிக்கும் அறை, நடு அறை, அதற்குப் பின்னால் உலாவும் அறை, கடைசியில் வால் அறை. உலாவும் அறையில் சன்னலோரம் முழங்கை ஊன்ற ஒரு கம்பி இருக்கும். எழுந்து நின்று, கப்பல் மேல்தளத்தில் நிற்பதுபோலக் கீழே பார்த்துக்கொண்டே போகலாம். இவ்வளவும் 3,000 லிட்டர் பெட்ரோல் சுமந்த விமானத்தில், புகைபிடிக்கும் அறை உட்பட!

கட்டணத்துக்கு இரண்டு எண்கள் போதும். 1936-இல் சான் பிரான்சிஸ்கோவிலிருந்து மணிலாவுக்கு ஒருவழிக் கட்டணம் 799 டாலர்; அன்று அந்தப் பணத்துக்கு ஒரு புதுக் கார் வாங்கலாம். 1939-இல் நியூயார்க்கிலிருந்து அட்லாண்டிக்கைக் கடக்க ஒருவழி 375 டாலர், போய்வர 675.

கேள்வி: 74 இருக்கை இருந்தும் முதல் அட்லாண்டிக் பயணத்தில் 22 பேர்தான் போனார்களாமே. கூட்டம் வரவில்லையா?

கூட்டம் வந்தது, எடைதான் இடம் தரவில்லை. 1939 ஜூன் 28-இல் 'டிக்சி கிளிப்பர்' என்ற போயிங் 314 நியூயார்க் அருகே போர்ட் வாஷிங்டனிலிருந்து 22 பயணிகளோடு கிளம்பியது. கணக்கைப் போட்டுப் பாருங்கள். புறப்படும்போது அனுமதிக்கப்பட்ட மொத்த எடை 37.4 டன். வெறும் படகு 22 டன் அளவு. முழுக் கொள்ளளவு எரிபொருள் 16,000 லிட்டர், லிட்டருக்கு 0.72 கிலோ என்றால் 11.5 டன். மிச்சம் 4 டன்னுக்கும் குறைவு. என்ஜின் எண்ணெய் மட்டுமே ஒரு டன் பிடிக்கும். பத்துப் பதினொரு பணியாளர்கள், சாப்பாடு, குடிநீர், படுக்கை விரிப்பு, நங்கூரம், உயிர்காக்கும் படகுகள், தபால் எல்லாவற்றையும் கழித்த பிறகு பயணிகள். பயணியையும் பெட்டியையும் சேர்த்தே தராசில் நிறுத்தினார்கள்.

பசிபிக்கில் நிலைமை இன்னும் கடுமை. சான் பிரான்சிஸ்கோவுக்கும் ஹொனலுலுவுக்கும் இடையே 3,860 கிலோமீட்டர், நடுவில் ஒரு பாறைகூடக் கிடையாது. அங்கே பான் ஆம் ஓட்டிய மார்ட்டின் எம்-130 படகுகளில் பயணிகளைவிடப் பணியாளர் அதிகமாக இருப்பது வழக்கமாயிற்று. 1938 ஜூலையில் குவாமுக்கும் மணிலாவுக்கும் இடையே மறைந்துபோன 'ஹவாய் கிளிப்பரில்' பயணிகள் 6, பணியாளர் 9.

இந்த வழித்தடங்கள் பயணச்சீட்டை நம்பி ஓடவில்லை. அவற்றை ஓட்டியது தபால். பிரிட்டனின் எம்பயர் விமானத்தபால் திட்டத்தில் அரை அவுன்ஸ் கடிதத்துக்கு ஒன்றரைப் பென்னி. அந்தத் தபாலைச் சுமக்கவே, மாதிரிகூடப் பறக்கும் முன் 28 படகுகளுக்கு ஒரே ஆணை கொடுத்தார்கள்.

கேள்வி: தண்ணீரிலிருந்து எப்படி எழும்பும்? படிப்படியாகச் சொல்லுங்கள் ஐயா.

புறப்படும் முன்பே லாஞ்சு (சிறு மோட்டார் படகு) ஒன்று ஓட்டப்பாதை முழுக்கப் போய் மரக்கட்டை, வலை, கட்டுமரம் ஏதும் இல்லை என்று பார்த்துவரும். மெல்லிய உலோகத் தகட்டுக்குக் கையளவு கட்டை போதும், கிழித்துவிடும்.

படகுக்கு பிரேக் கிடையாது. என்ஜின் பிடித்த அடுத்த நொடியே நகரத் தொடங்கும். அதனால் துறைமுகத்தில் நங்கூரமிட்டிருக்கும் மிதவையில் கட்டியபடியே என்ஜினை முடுக்கி, கயிற்றை விடுவிப்பார்கள். மெதுவாகப் போகும்போது வால் சுக்கானுக்குப் பிடிமானம் போதாது. இடது, வலது வெளி என்ஜின்களின் விசையைக் கூட்டிக் குறைத்துத்தான் திருப்ப வேண்டும். தேவைப்பட்டால் கூம்பு வடிவக் கேன்வாஸ் பையைத் தண்ணீரில் போட்டு இழுத்து வேகத்தைக் குறைப்பார்கள்.

காற்றை எதிர்த்து நின்று விசையை முழுதாகத் திறந்ததும் கட்டுப்பாட்டுத் தண்டை நன்றாகப் பின்னால் இழுத்துப் பிடிக்க வேண்டும். அணியம் உயரும், சன்னல் முழுக்க நீர்த்தூவல் மூடும். இதுதான் மிகக் கடினமான கட்டம். தண்ணீரின் இழுவை இங்கே உச்சத்துக்குப் போகும். எடை அதிகமானால் இந்த மேட்டைத் தாண்டவே முடியாமல் படகு உழுதுகொண்டே போகும். தாண்டிவிட்டால், தண்டை மெல்ல முன்னால் விட வேண்டும். படகு நீரைக் கிழிப்பதை விட்டு நீரின் மேல் சறுக்க ஆரம்பிக்கும்.

சறுக்க வைப்பது அடிப்பாகத்தில் உள்ள 'படி'. ஏராவின் நடுவே, ஈர்ப்பு மையத்துக்குச் சற்றுப் பின்னால், அடித்தளம் திடீரென மேலே வெட்டப்பட்டிருக்கும். அந்த வெட்டு இல்லாவிட்டால் ஓடும் நீர் வளைந்த பின்பகுதியோடு ஒட்டிக்கொண்டு படகைக் கீழே உறிஞ்சும். படிக்குப் பின்னால் காற்று புகுந்தால் அந்த உறிஞ்சல் அறும். பிறகு படியின் விளிம்பு மட்டும் நீரைத் தொட்டபடி வேகம் கூடி, படகு விடுபடும்.

கேள்வி: மேற்கண்டதன் தொடர்ச்சி. கடல் அமைதியாக இருந்தால் எல்லாமே எளிதுதானே?

அப்படித்தான் தோன்றும். ஆனால் அலையே இல்லாத கண்ணாடி நீர் விமானிக்கு இரட்டைத் தொல்லை. எழும்பும்போது சிற்றலை இல்லாததால் படிக்கு அடியில் காற்று புகாது, உறிஞ்சல் விடாது. லாஞ்சை முன்னால் ஓட்டி நீரைக் கலக்கிவிடுவார்கள், அல்லது படகையே ஒரு வட்டம் அடித்துத் தான் எழுப்பிய அலையிலேயே ஏற்றுவார்கள்.

இறங்கும்போது இன்னும் மோசம். நீரின் பரப்பு எங்கே என்றே கண்ணுக்குத் தெரியாது. கண்ணை நம்பி இழுத்தால் பத்து மீட்டர் உயரத்திலேயே வேகம் இழந்து விழலாம். இழுக்காவிட்டால் நேரே குத்தலாம். முறை என்னவென்றால், அணியத்தைச் சற்று உயர்த்தி வைத்து, நிமிடத்துக்கு 150 முதல் 200 அடி என்ற சீரான இறக்கத்தில், என்ஜின் விசையோடு வந்து, படகு தானாக நீரைத் தொடும்வரை எதையும் மாற்றாமல் இருப்பது. கரையை ஒட்டி இறங்கினால் உயரம் கணிக்க ஒரு துணை கிடைக்கும்.

இன்னொரு ஆபத்து, ஓங்கில் (டால்பின்) துள்ளுவதுபோல அணியமும் பின்பகுதியும் மாறி மாறி ஏறி இறங்குவது. தண்டை அதிகம் முன்னால் விட்டாலும் வரும், ஃபிளாப் (இறக்கையின் பின்னோரத்தில் இறக்கி ஏற்றும் மடல்) தவறாக இருந்தாலும் வரும். துள்ளலைத் துரத்தித் துரத்தித் தண்டை ஆட்டினால் ஒவ்வொரு துள்ளலும் பெரிதாகும். தண்டைப் பின்னால் பிடித்து விசையை மூட வேண்டும், அவ்வளவுதான். 1937 டிசம்பரில் 'சிக்னஸ்' என்ற எம்பயர் பிரிண்டிசியில் உடைந்தது இப்படித்தான். ஃபிளாப் முழுதும் இறங்கியிருந்த நிலையில் எழும்ப முயன்றது.

கேள்வி: திருகோணமலைக்கு ஒரு கிளிப்பர் வந்ததெண்டு எங்கட ஊர்ப் பெரியாக்கள் சொல்லினம். உண்மையோ?

உண்மை. 'பசிபிக் கிளிப்பர்' என்ற போயிங் 314 அது. 1941 டிசம்பர் 7-இல் பேர்ல் துறைமுகம் தாக்கப்பட்டபோது இந்தப் படகு ஆக்லாந்தை நெருங்கிக்கொண்டிருந்தது. வந்த வழியே திரும்ப முடியாது. கேப்டன் ராபர்ட் ஃபோர்டுக்கு மேற்கே உலகைச் சுற்றி நியூயார்க் போகும்படி உத்தரவு வந்தது.

ஆஸ்திரேலியா வழியாகச் சுரபாயாவை அடைந்தபோது அங்கே விமான பெட்ரோல் கொடுக்க இயலவில்லை, கார் பெட்ரோல்தான் கிடைத்தது. கைவசம் மிச்சமிருந்த விமான பெட்ரோலைத் தனித் தொட்டிகளில் ஒதுக்கி, எழும்புவதற்கும் உயரம் ஏறுவதற்கும் மட்டும் அதைச் செலவிட்டார்கள். பிறகு கார் பெட்ரோலுக்கு மாற்றினார்கள். ஆக்டேன் குறைந்த எரிபொருள் அதிக அழுத்த சிலிண்டரில் நேரம் தவறி வெடிக்கும், சிலிண்டர் சூடேறும். என்ஜின்கள் வழியெல்லாம் வெடித்து இருமின. முழு விசை கேட்காமல் தணித்தே ஓட்டி, இந்தியப் பெருங்கடலைக் கடந்தார்கள். இலங்கையை நெருங்கி, கரையைத் தேட மேகத்துக்குக் கீழே வந்தபோது கடல்மேல் ஒரு ஜப்பானிய நீர்மூழ்கி நின்றது. சட்டென்று மேகத்துக்குள் ஏறித் தப்பித் திருகோணமலைத் துறைமுகத்தில் இறங்கினார்கள்.

டிசம்பர் 24-இல் கராச்சிக்குக் கிளம்பியவுடன் மூன்றாம் என்ஜினில் கோளாறு. திரும்பி வந்து பார்த்தால் ஒரு சிலிண்டரின் பிடிப்பு விட்டுப்போயிருந்தது. சரிசெய்து 26-ஆம் தேதி மீண்டும் கிளம்பினார்கள். பஹ்ரைன், கார்ட்டூம், லியோபோல்ட்வில், பிரேசிலின் நட்டால் வழியாக 1942 ஜனவரி 6-இல் நியூயார்க். கார் பெட்ரோலில் அவ்வளவு கடலைக் கடந்த என்ஜின் திருகோணமலையில் பழுதுபட்டதில் வியப்பில்லை. கடலுக்கு நடுவில் படாததுதான் பெரும் பேறு.

உங்கள் தீவின் தெற்கே கொக்கலை ஏரியையும் மறக்காதீர்கள். 1943 ஜூலையிலிருந்து 1945 ஜூலைவரை ஆஸ்திரேலியாவின் குவாண்டாஸ் நிறுவனத்தின் கட்டலினா என்ற பறக்கும் படகுகள் பெர்த்தின் ஸ்வான் ஆற்றிலிருந்து கொக்கலைக்கு நிற்காமல் பறந்தன. ஏறத்தாழ 5,650 கிலோமீட்டர், 27 மணி முதல் 32 மணி நேரம். வழியில் இரண்டு சூரிய உதயம் காண்பார்கள். எரிபொருள் எடையால் பயணிகள் மூன்று பேருக்கு மேல் கூடாது. ஜப்பானியர் கேட்டுவிடுவார்கள் என்பதால் வானொலி மௌனம். நட்சத்திரத்தை வைத்தே வழி. 271 முறை கடந்தும் ஒரு படகைக்கூட இழக்கவில்லை.

கேள்வி: சென்னைக்கு இந்தச் சொகுசுப் படகுகள் வந்ததுண்டா?

எம்பயர் வழித்தடம் நம் பக்கம் வரவில்லை. கராச்சி, ராஜஸ்தானின் ராஜ்சமந்த் ஏரி, குவாலியர், அலகாபாத், கல்கத்தாவில் ஹூக்ளி ஆறு, அங்கிருந்து அக்யாப், ரங்கூன் என்று வடக்கே போய்விட்டது. பிறகு பாங்காக், பினாங்கு, சிங்கப்பூர். 1937-இல் திறந்த சிங்கப்பூர்க் காலாங் நிலையத்தில் சக்கர விமானமும் படகும் இரண்டும் வந்துசேர வசதி இருந்தது. சென்னைக்கான தபாலைக் கராச்சியிலிருந்து டாடாவின் சிறு சக்கர விமானங்கள் பம்பாய் வழியாகக் கொண்டுவந்தன.

ஆனால் போர்க்காலத்தில் புழல் ஏரியில் பறக்கும் படகுகள் இருந்தன. செங்குன்றத்தில், 'ரெட்ஹில்ஸ் லேக்' என்ற பெயரில் பிரிட்டிஷ் விமானப்படைத் தளம். கட்டலினா படகுகள் அங்கிருந்து வங்கக்கடலைக் கண்காணித்தன.

கேள்வி: ஆளில்லாத பசிபிக் தீவுகளில் பயணிகளை எப்படித் தங்க வைத்தார்கள்?

1935-இல் 'நார்த் ஹேவன்' என்ற கப்பலில் வீட்டுப் பாகங்கள், ஜெனரேட்டர், வானொலிக் கம்பம், எரிபொருள் என்று ஓர் ஊரையே ஏற்றி மிட்வே, வேக், குவாம் தீவுகளுக்கு அனுப்பினார்கள். வேக் தீவில் படகு இறங்க வேண்டிய உள்கடல் முழுக்கப் பவளப்பாறை, வெடிவைத்து உடைத்தார்கள். நன்னீர் கிடையாது, மழைநீரைப் பிடித்துச் சேமித்தார்கள். மண்ணும் உதவாததால் ஓட்டலுக்கான காய்கறியைத் தொட்டியில், உரநீரில் வளர்த்தார்கள்.

தண்ணீர் இலவச ஓடுதளம் என்று சொல்பவர்கள் இந்தச் செலவைப் பார்க்க வேண்டும்.

கேள்வி: கடலில் இறங்கி மிதக்கலாம் என்றால் விபத்தே ஆகியிருக்கக் கூடாதே?

மிதப்பது அமைதியான துறைமுகத்துக்காகச் செய்த ஏற்பாடு. நடுக்கடலின் நெடிய அலையில் இறங்குவது வேறு. 1939 ஜனவரி 21-இல் நியூயார்க்கிலிருந்து பெர்முடா போன 'கவாலியர்' என்ற எம்பயரைப் பாருங்கள். கார்பரேட்டரில் பெட்ரோல் ஆவியாகும்போது அங்கே வெப்பம் சட்டென்று இறங்கும். ஈரமான காற்று என்றால், வெளியே உறைநிலைக்கு மேல் இருந்தாலும் உள்ளே பனி படிந்து காற்று வழியை அடைக்கும். அதை உருக்கப் போதிய வெந்நிலைக் காற்று அந்த என்ஜின்களுக்குக் கிடைக்கவில்லை. விசை போய், அலையில் இறங்கி, அடித்தளம் உடைந்து விரைவிலேயே மூழ்கியது. 13 பேரில் 3 பேர் இறந்தார்கள். மற்றவர்கள் தண்ணீரில் ஒருவரை ஒருவர் பிடித்தபடி பத்து மணி நேரம் கிடந்தபிறகு 'எஸ்ஸோ பேடவுன்' என்ற எண்ணெய்க்கப்பல் மீட்டது.

1938 ஜனவரி 11-இல் சமோவா அருகே வெடித்த 'சமோவன் கிளிப்பர்' வேறு வகை. எண்ணெய்க் கசிவால் திரும்பி இறங்க வேண்டியிருந்தது. எடை குறைக்கப் பெட்ரோலைக் காற்றில் வெளியேற்றினார்கள். அந்த ஆவி இறக்கையைச் சுற்றித் தேங்கித் தீப்பிடித்தது என்பதே ஏற்கப்பட்ட விளக்கம். பசிபிக்கின் முதல் தபால் பறப்பை நடத்திய கேப்டன் எட்வின் மியூசிக் உட்பட 7 பேரும் மாண்டார்கள்.

1943 பிப்ரவரி 22-இல் லிஸ்பனின் டேகஸ் ஆற்றில் 'யாங்கி கிளிப்பர்' இறங்கத் திரும்பியபோது இறக்கை முனை நீரில் பட்டது. 39 பேரில் 24 பேர் இறந்தார்கள்.

மறுபக்கமும் சொல்ல வேண்டும். 1945 நவம்பரில் என்ஜின்கள் செயலிழந்து ஹவாய்க்குக் கிழக்கே இறங்கிய 'ஹொனலுலு கிளிப்பரில்' இருந்த எல்லாரும் பிழைத்தார்கள். இழுத்துவர முயன்ற கப்பல் மோதிச் சேதமானதால், கடைசியில் படகைக் கடற்படையே சுட்டு மூழ்கடித்தது. கட்டுறுதி அவ்வளவு, மூழ்கவே நேரம் பிடித்தது.

கேள்வி: உப்புநீரில் அலுமினியம் எத்தனை நாள் தாங்கும்? பராமரிப்பு எப்படி?

கவனிக்காவிட்டால் சில வாரங்களிலேயே வெள்ளைத் தூள் பூக்கும். தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று படியும் இடமும் ரிவிட் தலையும்தான் முதலில் போகும், உப்பு அங்கே ஒளிந்துகொள்வதால். தூய அலுமினியப் பூச்சு ஏற்றிய தகடு, இணைப்புகளில் பசை, மேலே குரோமேட் சாயம் என்று மூன்று அரண் போட்டார்கள். ஆனாலும் கரையேற்றும்போதெல்லாம் நன்னீரால் கழுவ வேண்டும். கரையேற்றுவதே ஒரு வேலை: ஆட்கள் நீரில் இறங்கி இரு பக்கமும் சக்கரக் கால்களையும், வாலுக்கு ஒரு சிறு வண்டியையும் பொருத்தி, சாய்தளத்தில் வால் முன்னாக இழுப்பார்கள். மிதவையில் கட்டிக் கிடக்கும்போது காவலாள் ஒருவர் உள்ளேயே இருந்து அடியில் சேரும் நீரை இறைத்தார். காற்று வலுத்தால் அவர்தான் கயிற்றையும் பார்க்க வேண்டும்.

இந்த உப்புக் காப்பு எவ்வளவு திறமானது என்பதற்கு 1948 பெர்லின் முற்றுகை சாட்சி. எம்பயரின் வாரிசான சண்டர்லேண்ட் படகுகள் ஹாஃபல் ஏரியில் இறங்கி நகரத்துக்கு உப்பு கொண்டுவந்தன. சக்கர விமானத்தில் உப்பு சிந்தினால் தரைக்கடியில் ஓடும் கட்டுப்பாட்டுக் கம்பிகளை அரித்துவிடும். சண்டர்லேண்டில் கம்பிகள் கூரையோரம் ஓடின.

கேள்வி: இவ்வளவு நல்ல விமானம் ஏன் ஒழிந்தது?

போர் உலகம் முழுக்கச் சிமெண்ட் ஓடுதளங்களைப் போட்டுவிட்டது. அதோடு, பறக்கும்போது படகின் படியும் தடித்த உடலும் வெறும் காற்றுத்தடை. டிசி-4 போன்ற சக்கர விமானம் குறைந்த பணியாளரோடு, வேகமாக, இரவிலும் இறங்கியது. படகுக்கு இரவில் இறங்க வேண்டுமானால் நீரில் வரிசையாக விளக்குப் படகுகள் நிறுத்த வேண்டும். ஆறு உறைந்தால் சேவையே நிற்கும். அட்லாண்டிக் நடுவிலுள்ள அசோர்ஸ் தீவின் ஹோர்ட்டாவில் அலை தணியப் பயணிகள் நாள்கணக்கில் காத்திருந்தார்கள்.

பான் ஆம் 1946-இல் கைவிட்டது. இம்பீரியல் ஏர்வேஸின் வாரிசான பிரிட்டனின் பிஓஏசி நிறுவனம் 1950 நவம்பரில் நிறுத்தியது. நியூசிலாந்தின் பவளத்தீவு வழித்தடம் 1960 வரை நீடித்தது. சிட்னியின் ரோஸ் பேயிலிருந்து லார்ட் ஹோவ் தீவுக்குப் போன படகு 1974 வரை ஓடியது. அந்தத் தீவில் ஓடுதளம் போட்டதும் அதுவும் நின்றது.

கேள்வி: இன்று எங்கே போய்ப் பார்க்கலாம்?

போயிங் 314-இல் ஒன்றும் மிஞ்சவில்லை. கட்டிய 42 எம்பயர்களிலும் ஒன்றும் இல்லை. அயர்லாந்தின் ஃபொயின்ஸ் அருங்காட்சியகத்தில் 314-இன் முழு அளவு மாதிரிக்குள் நடந்து பார்க்கலாம். மெய்யான படகு வேண்டுமென்றால், ஷார்ட் நிறுவனத்தின் பிற்கால வகைகள் சில மிஞ்சியுள்ளன: சவுத்தாம்ப்டனில் ஒரு சாண்ட்ரிங்காம், ஆக்லாந்தில் ஒரு சோலண்ட், கலிபோர்னியாவின் ஓக்லாந்தில் இன்னொரு சோலண்ட் உண்டு. முடிந்தால் ஆக்லாந்துக்குப் போங்கள். அங்குள்ள 'அரனுயி' பவளத்தீவு வழித்தடத்தில் பயணிகளை ஏற்றிப் பறந்த படகு.

கேள்வி: ரேடியோ கட்டுப்பாட்டில் ஒரு மாதிரிப் படகு செய்கிறேன் அண்ணா. ஓடுகிறது, எழும்பவே மாட்டேன் என்கிறது. படியை எங்கே வைக்க வேண்டும்?

ஈர்ப்பு மையத்துக்கு நேர் கீழே வைக்காமல் சற்றே பின்னால் வையுங்கள். மையத்திலிருந்து செங்குத்தாக ஒரு கோடு, படியின் விளிம்புக்கு ஒரு கோடு. இடையே 10 முதல் 15 பாகை வரலாம். முன்னால் போனால் அணியம் தூக்கித் துள்ளும். மிகவும் பின்னால் போனால் அணியத்தைத் தூக்கவே முடியாது, உங்கள் படகுக்கு அதுவாகவும் இருக்கலாம். படியின் ஆழம் அடிப்பாக அகலத்தில் 5 முதல் 8 சதவீதம். படிக்குப் பின்னாலுள்ள ஏரா 7 பாகை அளவு மேல்நோக்கிச் சாய வேண்டும். படியின் விளிம்பு கத்திபோலக் கூர்மையாக இருக்கட்டும். உப்புத்தாள் போட்டு உருட்டிவிட்டால் நீர் வளைந்து ஒட்டிக்கொள்ளும். பலருடைய மாதிரி எழும்பாததற்கு இந்த உருட்டல்தான் காரணம், முதலில் அதைப் பாருங்கள். நீர் முன்பக்க ப்ரொப்பெல்லரில் தெறித்தால் அணியத்தின் இரு ஓரத்திலும் கீழ்நோக்கி மெல்லிய பட்டை ஒட்டுங்கள், தூவல் அடங்கும். கடலில் ஓட்டினீர்களென்றால் வீட்டுக்கு வந்ததும் மோட்டார், கம்பி இணைப்பு எல்லாவற்றையும் நன்னீரில் அலசி நன்றாகக் காயவிட்ட பிறகே பெட்டியில் வையுங்கள்.